வெண்கலத் துரையும் கோப்பிக் காசும்

கொழும்பு நூதனசாலை முற்றத்தில் பீடத்தின்மேல் நிற்கிற வெண்கல மனிதரை எங்கள் மாத்தளைப் பிள்ளைகள் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிற வரலாற்று ஆசிரியனுக்கு அது பழகிப்போன கேள்வி. "சேர், இது இவரோட வீடா?" சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் பிள்ளைகள் கேட்பதில் பெரிய பிழை இல்லை. சேர் வில்லியம் ஹென்றி கிரகரி என்ற அந்தத் தேசாதிபதி பிடிவாதம் பிடிக்காவிட்டால் அவருக்குப் பின்னால் நிற்கும் வெள்ளை மாளிகை எழும்பியிருக்காது. வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது வேறு விஷயம். அந்தக் கணக்கைத் துருவினால் அது எங்கள் அலுவிகாரைச் சந்தி வழியாகத்தான் போகிறது.

சிலையை வடித்தவர் ஜோசப் எட்கர் போம். 1834இல் வியன்னாவில் பிறந்து, லண்டனில் குடியேறி, விக்டோரியா மகாராணியின் அரண்மனைச் சிற்பியானவர். லண்டன் ஹைட் பார்க் முனையில் குதிரைமேல் இருக்கும் வெலிங்டனும், செல்சியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கார்லைலும் அவர் கைவேலைதான். 1887 பொன்விழா நாணயங்களில் மகாராணியின் தலையில் அளவுக்குச் சிறிய ஒரு கிரீடத்தை வைத்துக் கேலிக்கு ஆளானவரும் அவரே. கொழும்பில் நிற்கும் உருவத்தில் அப்படியொன்றும் கேலிக்கு இடமில்லை. ஆள் தன்பாட்டில் கம்பீரமாக நிற்கிறார். பீடத்து ஆங்கில எழுத்து, 1872 முதல் 1877 வரை அவர் செய்த நன்மைகளை நினைந்து இலங்கை வாசிகள் எழுப்பியது என்று சொல்கிறது. அந்த வாசிகள் என்ற கணக்குக்குள் அப்போது கண்டிச்சீமையில் கோப்பி பறித்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான தமிழ்ச் சனம் அடங்குமா? அன்றைய அரசாங்கம் அவர்களை வந்து போகிற கூலிகள் என்றுதான் எழுதி வைத்தது. 1948இலும் கொழும்பு அதே மனநிலையில்தான் குடியுரிமைச் சட்டம் போட்டது.

கிரகரியின் கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. 1816இல் டப்ளினில் பிறந்தார். பாட்டனார் அயர்லாந்து நிர்வாகத்தின் உயர்ந்த உத்தியோகஸ்தர். படித்தது ஹரோ, ஒக்ஸ்ஃபோர்ட். 1842இல், இருபத்தைந்து வயதில், டப்ளின் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அப்போதுதான் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, 1845இல் அந்த நாட்டின் பெரும் பஞ்சம் தொடங்கியது. பத்து லட்சம் பேரளவில் செத்த பஞ்சம் அது. 1847இல் நிவாரணச் சட்டம் சபைக்கு வந்தபோது இந்த இளம் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் குத்தகை நிலம் வைத்திருப்பவன், அந்த நிலத்தை விட்டுக்கொடுத்தால் ஒழிய, பொது நிவாரணத்தில் ஒரு பருக்கையும் பெறமுடியாது. எதிர்த்து வாக்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பசி தாங்காத குடியானவன் நிலத்தை எழுதிக்கொடுத்தான், அல்லது நிலத்தைப் பிடித்துக்கொண்டு பட்டினியில் மாண்டான். அயர்லாந்தில் இன்றும் அந்த விதிக்குக் 'கிரகரி விதி' என்றே பெயர்.

அந்த மனிதரை வெறும் கொடியவராக வரைந்துவிடவும் முடியாது. அதே 1847இல் அவருடைய தகப்பனார், பண்ணையில் வாடிய குடியானவர்களைப் பார்க்கப் போய், பஞ்சக் காய்ச்சல் தொற்றிச் செத்தார். கிரகரி தன் சொந்தக் குத்தகைக்காரர்களிடம் கொஞ்சம் நயமாக நடந்தவர் என்ற பேரும் உண்டு. பிறகு குதிரைப் பந்தயத்தில் கடனாளியாகி, பண்ணையில் பெரும்பகுதியை விற்றார். ஓவியம் என்றால் உயிர். 1867 முதல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் அறங்காவலர். சாகும்போது, 1892இல், அந்தக் கூடத்துக்கு ஒரு வெலாஸ்குவெஸ் ஓவியத்தையே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஸ்பெயின் நாட்டுச் சமையல்காரப் பெண்ணொருத்தி உரலில் உள்ளி இடிக்கிற படம் அது. பின்னால் சின்னதாக மார்த்தாள் வீட்டு இயேசு.

இப்படிப்பட்ட ஒருவர் 1872 மார்ச் மாதம் இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்து இறங்கினார். வந்த நேரம் நல்ல நேரம். கோப்பி இலையில் 1869இலேயே துரு நோய் கண்டிருந்தது என்றாலும், உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போனதால் யாருக்கும் உறைக்கவில்லை. கருவூலம் நிரம்பி வழிந்தது. ஏற்றுமதியோடு ஓடிய ரயில் கட்டணம், காட்டுக் காணி விற்பனை, சுங்கவரி, எல்லாம் கோப்பியைச் சுற்றியே. இதில் என் வகுப்பில் நான் நிறுத்தி நிறுத்திச் சொல்வது அரிசி வரியைத்தான். தோட்டத்துச் சனம் தின்ற இந்திய அரிசிக்குத் துறைமுகத்தில் இறக்குமதித் தீர்வை உண்டு. வேலையிலும் அவர்கள் அரசாங்கத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்கள், சோற்றிலும் கொடுத்தார்கள்.

கிரகரி அந்தக் காசைப் பூட்டி வைக்கவில்லை. 1873இல் வடமத்திய மாகாணத்தைத் தனியாகப் பிரித்தார். இடிந்து கிடந்த குளங்களைத் திருத்தினார். நுவரெலியாவில் இன்று நாங்கள் படகு விடுகிற வாவி அவர் வெட்டியது. கொழும்புத் துறைமுக அலைதாங்கிக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு கல் நாட்டினார். பதவியேற்ற வருஷத்தில் தோட்ட மாவட்டங்களின் வைத்திய வசதிக்கு ஒரு சட்டமும் வந்தது. அது எத்தனை லயத்துக்கு மருந்தாகப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தோட்டத்துக் கிழவிகளிடம் கேட்டால் வேறு விடை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக நூதனசாலை. அரச ஆசியச் சங்கத்தார் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததை சட்டசபையில் முன்வைத்துப் பணம் ஒதுக்க வைத்தார். அந்தச் சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர் முத்துக்குமாரசுவாமி. நூதனசாலை திறந்த அதே 1877இல், ஆகஸ்டில், அவருக்குப் பிறந்த மகன்தான் ஆனந்த குமாரசுவாமி.

திறப்பு விழா நாள் 1877 ஜனவரி 1. பிள்ளைகளே, இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். அதே நாளில் டில்லியில் பெரிய தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். அதே நாளில் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே காலை.

தாது வருஷம் என்றால் எங்கள் வீட்டில் வருஷப் பெயர் மட்டுமல்ல, ஒரு அளவுகோல். அப்பாயி சோற்றை மிச்சம் வைத்தால் திட்டுவாள், "தாது வருசத்துல நம்ம ஆளுக என்னத்தத் தின்னாங்க தெரியுமாடா?" என்று. அவள் பார்த்ததில்லை, அவளுடைய பாட்டி வழியாகக் கேட்டதுதான். அந்த வருஷம் ராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் பெருங்கூட்டமாகக் கடல் தாண்டியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை. பிறகு மலை தொடங்குகிற இடத்தில் அலுவிகாரை, அடுத்து மாத்தளை. வடபாதை என்று எழுதப்பட்ட இந்த வழியில்தான் 1830களுக்குப் பிறகு அந்த நூற்றாண்டின் கடைசி வரைக்கும் கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் வந்தது. கங்காணி முன்னால், சட்டி பானை தலையில், பிள்ளை இடுப்பில். வாந்திபேதி விழுந்தவர்களை ஓரத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். இன்றைக்கு அது ஏ9 வீதி. குகை விகாரை வாசலில் உல்லாசப் பயணிகளின் வேன்கள் வரிசையாக நிற்கும். நான் பால் வாங்கப் போகிற கடையும் அதே வீதியில்தான்.

ஆக, அயர்லாந்துப் பஞ்சத்தில் கால் ஏக்கர் விதி போட்டவர் தேசாதிபதியாக உட்கார்ந்திருந்த கொழும்புக்கு மேலே, இன்னொரு பஞ்சத்தின் சனம் நடந்து ஏறிக்கொண்டிருந்தது. 1877 செப்டெம்பரில் அவர் பதவி முடிந்து போய்விட்டார். இரண்டு பஞ்சத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து அவர் எப்போதாவது யோசித்தாரோ என்னவோ, நான் யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. காரணம், அலுவிகாரை என்ற ஊரே பஞ்சத்தால் பேர் பெற்ற ஊர். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், தமிழ்ப் படையெடுப்பும் பெமினிதியா என்கிற கொடும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. மனப்பாடமாகத் திரிபிடகத்தைச் சுமந்திருந்த பிக்குகள் சாகச் சாக, வாய்மொழி அழிந்துவிடும் என்று பயந்து, ஐந்நூறு பேர் இந்தக் குகைகளில் கூடி ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. பசி வந்தபோது ஒரு கூட்டம் எழுதி வைத்தது. என் கூட்டம் நடந்தது. எழுத அவர்களுக்கு ஓலையும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஓலைக்கு இன்னொரு கதை உண்டு. 1848இல் நாய் வரி, துப்பாக்கி வரி, வீதி வேலை வரி என்று டொரிங்டன் தேசாதிபதி போட்டபோது மாத்தளைச் சனம் கிளர்ந்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடினார், வீர புரன் அப்பு மாத்தளைக்குப் படை நடத்தி வந்தார். ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக்கொன்றார்கள். கலகத்தை அடக்க வந்த படை அலுவிகாரையின் சுவடிச்சாலையையும் விட்டு வைக்கவில்லை என்பது இங்கே எல்லாரும் சொல்லும் வரலாறு. கால் நூற்றாண்டு கழித்து, கிரகரியின் ஆட்சியில், அதே அரசாங்கம் லூயிஸ் த சொய்சா முதலியாரை விகாரை விகாரையாக அனுப்பி, என்னென்ன சுவடி மிஞ்சியிருக்கிறது என்று பட்டியல் எடுக்கச் சொன்னது. 1870இல் தொடங்கிய அரசாங்கக் கீழைத்தேய நூலகம் 1877இல் நூதனசாலையோடு சேர்ந்தது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. எரித்த கையே பிறகு பெட்டி செய்து அடுக்கியது என்று ஒருமுறை வகுப்பில் சொன்னேன். பின்வாங்கில் ஒரு பெண்பிள்ளை, "எரிச்சதும் அடுக்கினதும் ஒரே ஆளில்லையே சேர்" என்றாள். சரிதான். கிரகரியை டொரிங்டன் கணக்கில் எழுதக்கூடாது.

சிலைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஈனா டி சில்வா அம்மையார் தொடங்கிய மரபுரிமை நிலையம் பத்திக் துணிக்குப் பேர் போனது. பூவேலை, தச்சு, பித்தளை வார்ப்பும் அங்கே உண்டு. அதனால் அலுவிகாரைப் பக்கத்தில் உலோகம் உருக்கத் தெரிந்த கை நாலைந்து எப்போதும் இருக்கும். அப்படி ஒரு சிங்கள நண்பரை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் துணையாக இருக்கட்டும் என்று, ஒரு சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனேன். கிரகரியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "மாஸ்டர், ஆள் உள்ளே வெறுங்கூடு" என்றார். பீடம் உயரம், தட்டிப் பார்க்கவும் வழியில்லை. எப்படித் தெரியும் என்றேன். இந்த அளவு உருவத்தைக் கனமாக ஊற்றினால் கொழும்புக்குக் கப்பலில் யார் தூக்கி வருவது என்றார்.

அவர் சொன்னதுதான் தொழில் முறை. ஆளளவுக்கு மேற்பட்ட ஐரோப்பியச் சிலை ஒன்றில் உலோகம் ஒரு தோல்தான். சிற்பி களிமண்ணில் பிசைகிறார். அதைச் சாந்தில் படியெடுக்கிறார்கள். சாந்து உருவம் வார்ப்புச்சாலைக்குப் போகிறது. அங்கே வேறு ஆட்கள் அச்சு கட்டி, நடுவில் மண் கருவை வைத்து, அச்சுக்கும் கருவுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய இடைவெளியில் செம்பும் வெள்ளீயமும் கலந்த குழம்பை ஊற்றுகிறார்கள். கை தனி, தலை தனி, உடல் தனி. ஆறிய பிறகு பொருத்தி, பொருத்துவாய் தெரியாமல் உளியால் தட்டி, அமிலம் பூசி நிறமேற்றுகிறார்கள். கனமாக ஊற்றினால் எடை மட்டுமா பிரச்சினை? வெளிப்புறம் முதலில் ஆறி, உள்ளே பிறகு ஆறி, சுருங்கும்போது வெடித்துவிடும். போமின் பெயர்தான் சிலைக்கு. குழம்பை ஊற்றிய கையின் பெயரை எந்தப் பீடமும் எழுதுவதில்லை.

நூதனசாலைக் கட்டடத்துக்கும் அப்படித்தான். வரைபடம் போட்டவர் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஜே. ஜி. ஸ்மித்தர். கட்டி முடித்தவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். கொழும்பின் பழைய நகர மண்டபம், தபால் தலைமையகம் முதலிய பெரிய கட்டடங்களைக் கட்டியவரும் அவர்தான். திறப்பு விழாவில் கிரகரி, உமக்கு என்ன மரியாதை வேண்டும் என்று கேட்டாராம். பட்டமும் பதக்கமும் கேட்காமல், வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தி வைக்கச் சொன்னாராம் மரைக்கார். வெகுகாலம் அந்த வெள்ளிக்கிழமை விடுமுறை நடைமுறையில் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் நடந்ததா என்று யாரும் ஆணையிட முடியாது, ஆனாலும் எனக்குப் பிடித்த கதை.

இன்னொரு சுழல் இங்கே இருக்கிறது. 1882இல் எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷாவை அடுத்த வருஷம் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். லண்டனில் அவருக்காக வாதாடிய சிலரில் ஓய்வுபெற்ற கிரகரியும் ஒருவர். 1880இல் அவர் இரண்டாந்தாரமாக மணந்த அகஸ்டா, ஒராபியின் குடும்பத்தைப் பற்றி எழுதினதுதான் அவருடைய எழுத்து வாழ்க்கைக்கே தொடக்கம். பிறகு அவர் கிரகரி சீமாட்டி என்ற பெயரில் டப்ளின் அபே நாடக அரங்கை நிறுவியவர்களில் ஒருவரானார். இங்கே ஒராபி, வாப்பிச்சி மரைக்காரோடும் சித்திலெப்பையோடும் சேர்ந்து மருதானையில் ஒரு பள்ளிக்கூடம் வருவதற்குத் தூண்டுகோலானார். அதுதான் 1892இன் ஸாஹிரா. கண்டியில் பிறந்த சித்திலெப்பைதான் இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர். முற்றத்துச் சிலையிலிருந்து நூல் பிடித்தால் தமிழ் நாவலுக்கே வந்து நிற்கிறோம். இதையெல்லாம் பரீட்சையில் கேட்கமாட்டார்கள். அதனால் பஸ்ஸிலே சொல்லிவிடுவேன்.

நூதனசாலைக்கு உள்ளே போனால் வேறு உலகம். பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907, 1908 அகழ்வுகளில் எச். சி. பி. பெல் மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனிகள். நடராஜர், பார்வதி, நாயன்மார். நண்பர் சுந்தரர் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டார். யாரோ திடீரென்று கூப்பிட்டது போல, வியப்பும் தடுமாற்றமுமாக நிற்கிற இளைஞன். இது மெழுகு வேலை. உருவத்தை மெழுகில் முழுதாகச் செதுக்கி, வண்டல் பூசி, காய வைத்து, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடம் நிறைய ஊற்றுவது. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் இரண்டாவது பிரதி கிடையாது. "இது கனம். இதைத் தட்டினால் வேறு சத்தம்" என்றார் நண்பர். காவலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுந்தரரின் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்வேன். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்தது, இவன் எனக்கு அடிமை என்று மறித்த கதை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரிந்துவிடும். கங்காணியிடம் வாங்கிய கடன் தீர்ந்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம், எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு கங்காணியிடம் என்று அவர்கள் வீடுகளில் பேச்சு இருக்கிறது. சுந்தரருக்கு ஓலை நீட்டியவர் சாமி. மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இந்தப் பொலன்னறுவைத் திருமேனிகளைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவரும் அவரே. தோட்டத் தொழிலாளர் நலனுக்குச் சங்கம் அமைத்து, வேலையை விட்டுப்போனால் சிறை என்ற சட்டத்துக்கும் துண்டு முறைக்கும் எதிராக ஓயாமல் எழுதியவர். 1920களின் தொடக்கத்தில் அவை ஒழிந்ததில் அவர் உழைப்பு நிறைய. கிரகரி தேசாதிபதியாக இருந்த வருஷங்களில் அவர் கேம்பிரிஜில் படித்துத் திரும்பி, போட்டிப் பரீட்சை எழுதிச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர். என் கணக்கில், கோப்பிக் காசுக்குப் பற்றுச்சீட்டு கேட்கத் துணிந்த முதல் கொழும்புக்காரர்களில் ஒருவர் அவர்தான்.

அருணாசலத்துக்கும் கொழும்பில் சிலை இருக்கிறது. காலிமுகத்திடல் பக்கம், பழைய பாராளுமன்ற வளவில். பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சாரதி கைக்கடிகாரத்தைக் காட்டுவார். இருட்டுமுன் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டவேண்டும், பிள்ளைகளை அலுவிகாரையிலும் நாலந்தையிலும் ஒவ்வொருவராக இறக்கவேண்டும்.